கட்டளைக்கும் கவிதைக்கும் நடுவே ஒரு மூச்சு

ஜொகூரில் புதன்கிழமை பிற்பகலில் பள்ளித் திடல் ஒன்றைக் கடந்தால் அந்தக் குரல் காதில் விழும். சீருடைப் பயிற்சி நடக்கும் நேரம். "கெ கானாஆஆன்..." என்று ஒரு பையன் இழுப்பான். வரிசை அசையாது. ஒரு கணம் கழித்து "பூசிங்!" என்று வெட்டுவான். அத்தனை காலணிகளும் ஒன்றாக வலப்பக்கம் திரும்பும்.

இழுக்கும் பாதி என்ன செய்வது என்று சொல்கிறது. வெட்டும் பாதி எப்போது என்று சொல்கிறது. இடையிலுள்ள அமைதியில்தான் விஷயமே இருக்கிறது. அடுத்த ஒலி எப்போது விழும் என்று வரிசையில் நிற்கும் எல்லா மூளைகளும் அங்கே ஒன்றாகக் கணக்குப் போடுகின்றன. கண்ணிமைக்கும் நேரத்தையும் கைநொடிக்கும் நேரத்தையும் மாத்திரை என்று அளந்து வைத்த தொல்காப்பியருக்கு இந்தத் திடல் பிடித்திருக்கும்.

பந்துன் என்ற மலாய்க் கவிதை வடிவமும் இப்படித்தான் நடக்கிறது. நான்கு அடிகளில் முதல் இரண்டு 'பெம்பாயாங்', நிழல். ஆறு, மரம், பறவை என்று எதையோ காட்டி ஓசையை மட்டும் கேட்பவர் காதில் ஊன்றிவிடும். பின்னிரண்டு 'மக்சூட்', பொருள். அந்தப் பொருள் அதே ஓசையில் வந்து இறங்கும்போது, திடலில் வரிசை திரும்புவதுபோல மனம் திரும்புகிறது.

சீருடையிலிருந்து கவிதைக்குப் போன ஜொகூர்க்காரர் ஒருவர் உண்டு. கோத்தா திங்கி மாவட்டத்துக் குவாலா செடிலியில் 1929-ல் பிறந்த உஸ்மான் அவாங். இராணுவ வீரர் அல்லர், போலீஸ்காரர். 1946-ல் சேர்ந்து 1951-ல் விலகினார். மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் அதற்குள் தொடங்கியிருந்தது. அந்த அனுபவம் 1966-ல் 'துலாங் துலாங் பெர்செராக்கான்' என்ற நாவலாக வந்தது. 'சிதறிக் கிடக்கும் எலும்புகள்' என்று பொருள். அவர் வைத்துக்கொண்ட புனைபெயரைக் கேளுங்கள்: தொங்காட் வாரண்ட். 'தொங்காட்' என்றால் தடி! வேலையை விட்டவர் அதன் தடியைப் பெயரில் மாட்டிக்கொண்டு கவிஞரானார். 1983-ல் மலேசியாவின் தேசிய இலக்கியவாதி என்ற சிறப்பும் வந்தது.

இராணுவம், கவிதை, குரல் நடிப்பு மூன்றும் ஒரே மனிதரில் சேர்ந்த கதைக்குக் கடல் கடக்க வேண்டும். 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் டார்த் வேடருக்கும் 'தி லயன் கிங்' முஃபாசாவுக்கும் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் சிறுவயதில் திக்குவாய்க்காரர். திக்கிய வெட்கத்தில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. மிச்சிகன் மாநிலத்துப் பள்ளியில் டொனால்ட் கிரவுச் என்ற ஆசிரியர், பையன் கிரேப்ஃப்ரூட்டைப் பற்றி எழுதிய கவிதையைப் பார்த்தார். (நம் பம்ளிமாஸின் உறவுக்காரப் பழம் அது.) "நீதான் எழுதினாய் என்றால் மனப்பாடமாகச் சொல்லு பார்ப்போம்" என்ற தோரணையில் சவால் விட்டார். பையன் சொன்னான். ஒரு சொல்கூடத் திக்கவில்லை.

அதிசயம்தான், ஆனால் அபூர்வமில்லை. பெரியவர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்குத் திக்கல் உண்டு. அவர்களில் பலர் பாடும்போது திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து வாசிக்கும்போதும், தாளக்கருவியின் தட்டுக்குப் பேசும்போதும் திக்குவதில்லை. பயம்தான் காரணம் என்று ஊர் சொல்லும். பயம் திக்கலைக் கூட்டலாம், ஆனால் வேர் அது இல்லை. ஒரு சொல்லை எந்த நொடியில் தொடங்குவது என்று உள்ளிருந்தே நேரம் குறிக்கும் வேலையில், மூளையின் ஆழத்து நரம்பு முடிச்சுகள் தடுமாறுகின்றன என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். தாளம் வெளியிலிருந்து கிடைத்தால் சிறுமூளை சார்ந்த வேறு பாதை கைகொடுக்கிறதாம். மனப்பாடமான செய்யுள் கையில் இருக்கும் கடிகாரம் மாதிரி.

கிசுகிசுப்பிலும் திக்கல் குறைவதுண்டு. சாதாரணப் பேச்சில் ஓர் ஆணின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் நூற்றிருபது முறை அதிரும். கிசுகிசுப்பில் அவை அதிர்வதே இல்லை. இடுக்கு வழியே காற்று மட்டும் சீறிப் போகிறது. இந்தக் கிசுகிசுப்பு இராணுவத்துக்கும் வேண்டியதுதான். ஜொகூரின் உலு திராமில் ஆங்கிலேயர் காட்டுப்போர்ப் பள்ளி நடத்திய இடத்தில் இன்று மலேசியத் தரைப்படையின் 'புலாடா' பயிற்சி மையம் இருக்கிறது. அணிவகுப்பில் தொப்புளிலிருந்து கூவக் கற்ற வீரர் காட்டுக்குள் போனதும் கைச்சைகைக்கும் கிசுகிசுப்புக்கும் மாற வேண்டும். குரலின் இரு கரைகளும் ஒரே தொழிலில்! ஒலிவாங்கி முன் நிற்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜோன்ஸ் 1953-ல் அமெரிக்கத் தரைப்படையில் அதிகாரியானார். கொரியப் போர் அந்த ஆண்டே நின்றது. அவருக்குக் கிடைத்தது ரேஞ்சர் பயிற்சியும் கொலராடோ மலையில் பனிக்காலப் பயிற்சி முகாமும். பிறகு நியூயார்க்கில் நாடகம். இராணுவம் அவர் திக்கலைத் தீர்த்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது உண்மையில்லை. திக்கல் முழுதாகப் போகவே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். எழுதி வைத்த வரி இருந்தால் ஓடும். சாதாரண உரையாடலில் சொல்லைத் தேடித் தேடித்தான் போவார்.

1977-ல் வெளிவந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு இரண்டரை மணி நேரத்தில் பேசி முடித்து 7,000 டாலர் வாங்கிக்கொண்டார். பெயர் போடவும் கேட்கவில்லை. அந்தக் குரலை இன்னொரு முறை கவனித்துக் கேளுங்கள். ஏற்ற இறக்கம் குறைவு, அவசரமே இல்லை. மிரட்டுவது சத்தம் அல்ல. எந்த வார்த்தை எப்போது விழும் என்று அவர் வைத்திருக்கும் இடைவெளி.

வேடரின் கறுப்பு அங்கிக்குள் நடந்தவர் டேவிட் பிரவுஸ் என்ற ஆங்கிலேயர். வார்த்தைகளுக்கிடையே நம்மை நடுங்க வைக்கும் அந்த மூச்சும் ஜோன்ஸுடையதல்ல. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், கடலுக்குள் மூழ்குபவர்கள் வாயில் கடிக்கும் காற்றுக்கருவியில் மூச்சு விட்டுப் பதிவு செய்தது அது.