அசைந்த எழுத்து ஏன் நின்றது?

மாட்டுப்பட்டித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு வீட்டு மொழி தமிழ். அரசாங்க மொழி மலையாளம். ஆகவே பிள்ளைகளுக்குத் தமிழெழுத்தைச் சுவைபடப் புகட்ட எது கிடைப்பினும் நாம் மகிழ்ந்து ஏற்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் 'அ' என்னும் எழுத்துத் தானே வளைந்து எழுதப்படுவதையும், தொட்டவுடன் அணில் துள்ளி ஓடுவதையும் கண்டு நம் மழலைகள் கைகொட்டினர். இன்று அப்பக்கத்தைத் திறந்தால் வெறுங்கட்டமே தோன்றுகின்றது. காரணம் யாது?

அவ்வெழுத்தை அசைவித்தது பிளாஷ் என்னும் மென்பொருள். 1996-இல் வேறொரு பெயருடன் பிறந்து, மேக்ரோமீடியா நிறுவனத்திடமும், 2005-இல் அடோபி நிறுவனத்திடமும் சேர்ந்தது. கோடு, வளைவு, வண்ணம் ஆகியவற்றின் அளவுகளை அது குறித்துக்கொள்ளும். தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் ஓவியர் வரைந்தால், இடைப்பட்ட அசைவுகளைக் கணினியே நிரப்பும். ஆதலின் கோப்பு சிறிதாயிற்று. தொலைபேசிக் கம்பி வழியே மெல்ல ஊர்ந்த அந்நாளைய இணையத்திலும் படம் ஆடிற்று.

ஆயினும் அதனைக் காண ஒரே நிறுவனத்தின் தனிக்கருவி தேவைப்பட்டது. அக்கருவியில் பாதுகாப்புக் குறைகள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. 2007-இல் வந்த ஐபோன் அதனை ஏற்கவேயில்லை. 2014-இல் எச்.டி.எம்.எல். 5 பொதுத் தரமாயிற்று. தனிக்கருவியின்றி உலாவியே படத்தை அசைக்கும் வழி பிறந்தது. 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு அடோபி தன் கருவியைக் கைவிட்டது. உரிமையாளர் கதவைப் பூட்டினார். உள்ளிருந்த பாடங்களும் அடைபட்டன.

விழித்துக்கொண்டோர் பிழைத்தனர். சிறுவர் நிரல் எழுதப் பயிலும் ஸ்கிராட்ச், 2013-இல் பிளாஷின் மீதே கட்டப்பட்டிருந்தது. 2019-இல் பொதுத் தரத்தில் புதிதாக அமைக்கப்பட்டது. கேரளப் பள்ளிகளில் 2018 முதல் நடைபெறும் லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மாணவர் ஸ்கிராட்சையும் அசைபடக் கலையையும் பயில்கின்றனர்.

பழைய பாடங்களுக்கும் வழி உண்டு. ரஃபிள் என்னும் இலவச மென்பொருள் பிளாஷ் கோப்புகள் பலவற்றை மீண்டும் இயக்குகின்றது. ஆனால் கோப்பே அழிந்துபோனால் ரஃபிளும் என் செய்யும்?

ஆகவே அன்பர்களே, வீட்டிலுள்ள பழைய தமிழ்ப் பாடக் குறுந்தகடுகளை எறிந்துவிடாதீர்கள்; படியெடுத்து வையுங்கள். புதிதாகப் பாடம் செய்யும் நம் இளைஞர்கள் பொதுத் தரத்திலேயே செய்க. மூலக் கோப்பையும் பேணுக. பேரன் கண்டு மகிழ்ந்த எழுத்தை அவன் பிள்ளையும் காணவேண்டுமன்றோ?