ஈக்களைப் புரந்தவர்கள்

கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்கும், எள்ளளவே உள்ள பழ ஈயைக் கையை வீசி விரட்டியே பழகிய நமக்கு, அதைப் பால் புட்டிகளில் வளர்த்துப் பரம்பரையின் ரகசியத்தை ஒருவர் கண்டறிந்தார் என்பது ஆச்சரியமாகத்தான் இருக்கும். நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையின் சிறு அறையொன்றில், 1910-ஆம் ஆண்டு, செந்நிறக் கண்களுடைய ஈக்களுக்கிடையே வெண்ணிறக் கண்களுடைய ஆண் ஈ ஒன்றைக் கண்ட தாமஸ் ஹண்ட் மார்கன், அதன் சந்ததியைத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெடுத்து, பரம்பரைக் குணங்கள் குரோமோசோம்களில் தங்கியிருக்கின்றன என்று நிரூபித்தார்.

உடனடிப் பிரயோஜனம் கண்ணுக்குத் தெரியாத இத்தகைய ஆராய்ச்சிக்குத் திரவிய சகாயம் கிடைப்பது அரிது. ஆயினும் வாஷிங்டனைச் சேர்ந்த கார்னெகி ஸ்தாபனம் மனமுவந்து மானியம் வழங்கியதால், மார்கனின் சீடர்களான ஸ்டர்டெவன்ட்டும் பிரிட்ஜஸும் பல்லாண்டுகள் ஈக்களோடே காலம் கழிக்க முடிந்தது. 1933-இல் நோபெல் பரிசு மார்கன் ஒருவருக்கே அளிக்கப்பட்டபோது, அந்தப் பணத்தைத் தம் மக்களோடு இவ்விரு சீடர்களின் மக்களுக்கும் அவர் பகிர்ந்தளித்தார் என்பதை, பரிசைவிடப் பெரிய செய்தியாகவே நான் கருதுகிறேன்.

பிற்பாடு 1946, 1995, 2017 ஆகிய ஆண்டுகளிலும் இதே ஈயை ஆராய்ந்தவர்களுக்கு அப்பரிசு கிட்டியது. கடைசியாகச் சொன்னது, பகலிரவை அனுசரித்து உயிர்களின் உள்ளே ஓடும் கடிகாரத்தை இந்த ஈயிடம் கண்டு விளக்கிய மூவருக்கு.