உங்களுக்குத் தெரியுமா? வீட்டு வாசலில் எண்ணெய்க் கிணறு!

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகர பீக்கோ சாலையில் ஓர் அலுவலகக் கட்டடம் நிற்கிறது. உள்ளே மேசையும் இல்லை, ஊழியரும் இல்லை. அத்தனையும் எண்ணெய்க் கிணறுகள்! அதே சாலையில் யூதர்களின் ஜெப ஆலயம் மாதிரி ஒரு கோபுரம். அதற்குள்ளும் எண்ணெய்க் கிணறுகள்தான்!

பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளி வளாகத்திலேயே எண்ணெய் எடுத்தார்கள்! அங்கே கிணற்றை மறைத்த கோபுரத்தின் உயரம் 165 அடி. மேலே முழுக்கப் பூக்கள். வண்ணம் தீட்டியது யார் தெரியுமா? மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற குழந்தைகள்! இந்தப் பள்ளிக்கூடக் கிணறுகள் 2016 கடைசி வரை இயங்கின!

அருகிலுள்ள லாங் பீச் கரையிலிருந்து பார்த்தால் 4 அழகான தீவுகள். பனை மரங்கள், அருவி, வண்ணக் கோபுரங்கள். நான்குமே 1965-ல் எண்ணெய் எடுக்கக் கட்டிய செயற்கைத் தீவுகள்! வைத்த பெயர்களோ, உயிர்நீத்த 4 அமெரிக்க விண்வெளி வீரர்களுடையவை!

அதே வட்டாரத்தில் எண்ணெயை உறிஞ்ச உறிஞ்சத் தரையே உள்வாங்கியது. பூமிக்குள் தண்ணீரைச் செலுத்தித்தான் தடுத்து நிறுத்தினார்கள். அதற்குள் இறங்கிய ஆழம்? 29 அடி!

கிணறு நம் தெருவில் இல்லையே என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? இருக்காதீர்கள்! துளை நேராகக் கீழே போய்ப் பக்கவாட்டில் திரும்பும். மேலே வீடு, பள்ளி, விளையாட்டுத் திடல். கீழே 3 கிலோமீட்டர் தாண்டியும் ஓடும் குழாய்!

பாறையை நீரழுத்தத்தால் பிளப்பதற்கு ‘ஃபிராக்கிங்’ என்று பெயர். ஒரே ஒரு கிணறு எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? 1 கோடி லிட்டரைத் தாண்டுவது சர்வசாதாரணம்!

இரவு பகலாகத் துளைபோடும் சத்தத்தைத் தடுக்க மதில் எழுப்புகிறார்கள். வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே 32 அடிச் சுவர்!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உங்கள் மனைக்கு அடியிலுள்ள எண்ணெய் உங்களுக்கே சொந்தம் என்று வையுங்கள். “தரமாட்டேன்” என்றால் தப்பித்துவிட முடியுமா? சுற்றுவட்டார எண்ணெய் உரிமையில் 45 சதவீதம் கைக்கு வந்தாலே போதும். உங்கள் பங்கையும் சேர்த்துக்கொள்ள நிறுவனம் விண்ணப்பிக்கலாம்!

அதே கொலராடோ, ஃபயர்ஸ்டோன் நகரம், ஏப்ரல் 2017. பழைய கிணற்றுக் குழாய் ஒன்றைக் கைவிட்டவர்கள் சரியாக அடைக்கவில்லை. கசிந்த வாயு மண் வழியே ஒரு வீட்டின் நிலவறைக்குள் புகுந்து வெடித்தது. 2 உயிர்கள் போயின. அந்தக் குழாயின் விட்டம் வெறும் 1 அங்குலம்!

கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன். 1953-ல் தோண்டிய கிணறு, எரிவாயுச் சேமிப்புக்குப் பயன்பட்டது. 2015 அக்டோபரில் பீறிட்டது. பக்கத்துக் குடியிருப்பில் தலைவலி, மூக்கில் ரத்தம். வீட்டைவிட்டு வெளியேறியவை 8,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். காற்றில் கலந்த மீத்தேன் சுமார் 1 லட்சம் டன்!

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ரிக்டர் 3-ஐத் தாண்டும் நிலநடுக்கம் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான். எண்ணெயோடு வந்த கழிவுநீரைப் பூமிக்குள் திருப்பிச் செலுத்தினார்கள். 2015-ல் மட்டும் 900-க்கும் மேல்!

நெதர்லாந்தின் குரோனிங்கன், ஐரோப்பாவின் மாபெரும் எரிவாயுக் களம். 2012-ல் 3.6 அளவு நிலநடுக்கம் வந்தது. வீடுகள் விரிசல் விட்டன. மக்கள் விடவே இல்லை. 2023 அக்டோபர் 1-ல் உற்பத்தியையே நிறுத்தினார்கள்!

அசாமின் பாக்ஜான் கிராமம், 2020 மே 27. கிணறு பீறிட்டது, பிறகு தீப்பிடித்தது. ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்கு ஓடினார்கள். கிணற்றை முழுவதும் அடக்க ஆன நாட்கள் 173!

நம் காவிரிப் படுகைக்கு வாருங்கள். மன்னார்குடி வட்டார மீத்தேன் திட்டத்துக்குக் குறித்த பரப்பு 691 சதுர கிலோமீட்டர். விவசாயிகள் கிளம்பினார்கள். 2015-ல் தமிழக அரசு தடை போட்டது! 2017-ல் எரிவாயுத் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராட்டப் பந்தலில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமே வந்துவிட்டது!

எண்ணெய்க்குப் பேர்போன டெக்சஸிலேயே ஓர் ஊர் ஃபிராக்கிங்குக்குத் தடை போட்டது தெரியுமா? டென்டன்! 2014 வாக்கெடுப்பில் 100-க்கு 59 பேர் தடைக்கு ஓட்டுப் போட்டார்கள். அடுத்த மே மாதமே ஊர்களின் அந்த அதிகாரத்தை மாநில அரசு சட்டம் போட்டுப் பறித்தது!

நியூயார்க் மாநிலத்தின் டிரைடன், 15,000 பேர்கூட இல்லாத ஊர். எங்கள் எல்லைக்குள் துளை போடாதே என்றது. வழக்கு மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போனது. 2014-ல் ஊர் ஜெயித்தது. ஆறே மாதத்தில் மாநிலம் முழுக்க ஃபிராக்கிங்குக்குத் தடை அறிவிப்பு!

கொலராடோவில் வீட்டுக்கும் கிணற்றுக்கும் 500 அடி இடைவெளி போதும் என்றிருந்தார்கள். குடியிருப்போர் கேட்டுக் கேட்டு 2020-ல் வாங்கியது 2,000 அடி. நான்கு மடங்கு!

கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே! வீடு, பள்ளி, மருத்துவமனையிலிருந்து 3,200 அடிக்குள் புதிய கிணறு கூடாது என்று 2022-ல் சட்டம். எண்ணெய் நிறுவனங்கள் கையெழுத்துத் திரட்டி, பொது வாக்கெடுப்பில் அதைக் கவிழ்க்கப் புறப்பட்டன. எதிரே குடியிருப்போர் அணி திரண்டார்கள். 2024 ஜூனில் பின்வாங்கியது நிறுவனங்கள்தான். சட்டம் அமலுக்கு வந்தது. 3,200 அடியில் ஓர் அடிகூடக் குறையவில்லை!