தொகை எழுதாத காசோலை

பைனான்ஸில் கடன் கேட்டுப் போகும் சிறு வியாபாரியிடம், தொகை எழுதாத இரண்டு மூன்று காசோலைகளில் கையெழுத்து வாங்கிக்கொள்வது பரவலான வழக்கம். ‘சும்மா, செக்யூரிட்டிக்குத்தான்’ என்பார்கள்.

சும்மா இல்லை. பணமில்லாமல் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் 138-வது பிரிவு, 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 1989-இல் அமலுக்கு வந்தது. ஈராண்டு வரை சிறை, காசோலைத் தொகையில் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகத் தரப்பட்டது என்றே அனுமானிக்கப்படும் என 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியில்லை என்று காட்டும் சுமை கையெழுத்திட்டவர் தலையில்தான்.

அதே ஆண்டு வந்த இன்னொரு தீர்ப்பு கொஞ்சம் ஆறுதல். அவ்வளவு பணம் கொடுக்க உங்களிடம் வசதி இருந்ததா என்று கடன் கொடுத்தவரைக் கேட்க அது இடம் தருகிறது.

காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கே கிடையாது. பயந்துபோய் நோட்டீஸை வாங்க மறுப்பவர்கள் இந்த அருமையான வாய்ப்பைத்தான் தொலைக்கிறார்கள். கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் வழக்கு. விசாரணையின்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்திருக்கிறது.

தவணைகளை வங்கி வழியாகவே கட்டுவது நல்லது. கடன் அடைந்த அன்றே காசோலைகளைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.