கையொப்பமிடுமுன்...
ஈரல் சத்திரசிகிச்சையும் சிகிச்சைச் சோதனையும்

மனித உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது ஈரல். வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையிருக்கும். விலா எலும்புகளின் மறைவில் வலப்புறத்தே அமர்ந்து, உண்ட உணவின் சத்தைப் பக்குவஞ் செய்தல், நஞ்சை முறித்தல், பித்தத்தைச் சுரத்தல், குருதியை உறையச் செய்யும் பொருள்களை ஆக்குதல் எனப் பற்பல பணிகளை அது ஓயாது ஆற்றி வருகின்றது. வேறெந்த உள்ளுறுப்புக்கும் இல்லாத அரியதோர் ஆற்றலும் அதற்குண்டு. நோயற்ற ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி அகற்றினாலும், எஞ்சிய பங்கு சில வாரங்களில் அல்லது மாதங்களில் பருத்துப் பெருகிப் பழைய அளவை நெருங்கிவிடும். கவாத்து வெட்டிய தேயிலைச் செடி மீண்டும் துளிர்ப்பதை ஆண்டுதோறும் காணும் நம் தோட்ட மக்களுக்கு இதனை விளக்க வேறோர் உவமை வேண்டுவதில்லை.

ஆயினும் ஈரலிற் கத்தி வைப்பது எளிய காரியமன்று. இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, அஃதாவது நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் அளவு, இவ்வுறுப்பின் வழியாகவே பாய்கின்றது. எனவே குருதிப்பெருக்கே ஈரல் சத்திரசிகிச்சையின் முதற்பகை. ஈரலுக்குட் செல்லும் குருதிக் குழாய்களைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடித்து அப்பெருக்கைத் தடுக்கலாம் என்பதை 1908ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகர வைத்தியர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கில் எடுத்துரைத்தார். இன்றும் அம்முறை அவர் பெயராலேயே வழங்குகின்றது.

மதுவினாலோ, ஈரலழற்சிக் கிருமிகளினாலோ, படியும் கொழுப்பினாலோ இறுகிப்போன ஈரலுக்கு மீண்டும் வளரும் ஆற்றல் குன்றிவிடும். ஈரற் கொழுப்பு நகரத்துச் செல்வரின் நோய் என்று எண்ணுவாரும் உளர். ஆனால் மலைநாட்டுத் தோட்டங்களில் உடலை வருத்தி உழைக்கும் வறிய மக்களிடையேயும் அது கணிசமாகக் காணப்படுவதை இந்நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். கசிப்பு குடும்பங்களைக் கெடுக்கும் கதையை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

கலவானப் பகுதித் தோட்டமொன்றில் வாழும் ஒருவருக்கு ஈரலிற் கட்டி என்று தெரிய வந்ததாக வைத்துக்கொள்வோம். கலவான ஆதார வைத்தியசாலையிலிருந்து இரத்தினபுரிப் போதனா வைத்தியசாலைக்கும், அங்கிருந்து கொழும்புப் பக்கத்துப் பெரிய வைத்தியசாலையொன்றுக்கும் அவர் செல்ல நேரிடலாம். அங்கே சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தபின், “இங்கே ஓர் ஆய்வு நடைபெறுகின்றது. அதிற் சேர உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டு ஒரு தாளை நீட்டக்கூடும். அந்த வேளையில் அவர் செய்யவேண்டியது என்ன? அவருடன் சென்ற மகளோ மகனோ கேட்கவேண்டியது என்ன? இதை எண்ணியே இக்கட்டுரையை வரைகின்றோம்.

சோதனை எதற்கு?

“வைத்தியருக்குத் தெரியாதா? அவர் நம்மிடம் சோதித்துப் பார்ப்பானேன்?” என்று வினவுதல் இயல்பு. விடை நம் தோட்டங்களிலேயே இருக்கின்றது. புதிய உரமொன்று வந்தால், விளம்பரத்தை நம்பி மலை முழுவதற்கும் அதைப் போடுவாரில்லை. நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்துச் சிலவற்றுக்குப் புதிய உரமும் சிலவற்றுக்குப் பழைய உரமும் இட்டு, விளைச்சலை நிறுத்துப் பார்ப்பார்கள். தலவாக்கலையிலும் இரத்தினபுரியிலுமுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையங்களில் நிகழ்வது இவ்வகைப் பணியே. எந்தப் பாத்திக்கு எது என்பதை ஆராய்ச்சியாளர் தம் விருப்பப்படி தீர்மானித்தால், நல்ல மண்ணுக்கே புதிய உரம் போய்ச் சேர்ந்துவிடக்கூடும். ஆதலால் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத் தற்செயலாகவே பகிர வேண்டும் என்று 1920களில் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் பயிராராய்ச்சி நிலையத்தில் றொனால்ட் ஃபிஷர் என்னும் அறிஞர் வகுத்தார். வயலில் வளர்ந்த இம்முறை பின்னர் வைத்தியசாலைக்குள்ளும் புகுந்தது. 1948இல் வெளிவந்த, காசநோய்க்கான ஸ்ரெப்ரோமைசின் மருந்துச் சோதனை இவ்வகையிற் புகழ்பெற்றது. ‘கிளினிக்கல் டிரையல்’ என்று வைத்தியர்கள் வழங்கும் சிகிச்சைச் சோதனை இதுவே.

இனி ஈரலுக்கு வருவோம். குருதிப்பெருக்கைக் குறைக்கும் டிரனெக்சமிக் அமிலம் என்னும் மருந்தை ஜப்பானியத் தம்பதியரான ஷோசுகே ஒகமோட்டோவும் உட்டாக்கோ ஒகமோட்டோவும் 1962இல் உலகுக்கு அறிவித்தனர். விபத்திற் காயமுற்றுக் குருதி வடிப்போரின் மரணத்தை அது குறைக்கின்றது என்பது, 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த சோதனையினால் நிலைநாட்டப்பட்டது. அப்படியாயின் ஈரலை வெட்டும்போதும் அது உதவத்தானே வேண்டும்? வைத்தியர் பலர் அவ்வாறே எண்ணினர்.

எண்ணியதோடு நில்லாமற் சோதித்தும் பார்த்தனர். கனடாவிலும் அமெரிக்காவிலுமாக, புற்றுநோய் காரணமாக ஈரலின் ஒரு பகுதியை அகற்ற வந்த 1,200க்கும் மேற்பட்ட நோயாளர் இரு கூறாகப் பகுக்கப்பட்டனர். ஒரு சாராருக்கு அம்மருந்தும், மறு சாராருக்கு வெறும் உப்புநீரும் ஏற்றப்பட்டன. யாருக்கு எது ஏற்றப்பட்டதென்று நோயாளரும் அறியார். சிகிச்சை செய்தவரும் அறியார். 2024இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேருக்கும், உப்புநீர் பெற்றோரில் ஏறக்குறைய 14 பேருக்கும் குருதி ஏற்ற நேர்ந்தது. பயனில்லை என்பது மாத்திரமன்று. சிகிச்சைக்குப் பின் வரும் சிக்கல்களும் மருந்து பெற்றோரிடமே கூடுதலாகக் காணப்பட்டன. அந்நோயாளர்கள் இணங்கியிராவிட்டால், பயனற்ற ஒரு மருந்து நன்மை தருவதென்னும் நம்பிக்கையிலேயே உலகெங்கும் ஏற்றப்பட்டு வந்திருக்குமன்றோ?

எல்லாச் சோதனையும் ‘இல்லை’ என்றே முடிவதில்லை. நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில், குடற் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிய 280 நோயாளரிடம் ஒரு சோதனை நிகழ்ந்தது. வயிற்றைத் திறந்து செய்த சத்திரசிகிச்சையின் பின் நூற்றுக்கு 31 பேருக்குச் சிக்கல் நேர்ந்தது. சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்தபோது அது 19ஆகக் குறைந்தது.

தமிழ்மண்ணின் சாட்சியம்

இவையெல்லாம் மேல்நாட்டுச் செய்திகள் என்று ஒதுக்கவேண்டாம். 1956இல் சென்னையில் ஒரு காசநோய்ச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. காசநோயாளரை வீட்டிலிருந்து பிரித்துச் சனற்றோரியத்தில் நெடுநாள் கிடத்தவேண்டும் என்பதே அந்நாளைய கொள்கை. நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளரில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறுபகுதியினருக்குச் சனற்றோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்து ஓராண்டு கவனித்தனர். நல்ல உணவோ ஓய்வோ போதிய இடமோ இல்லாத வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். 1959இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றிற்று. பெயர் அறியப்படாத அவ்வேழைத் தமிழர் செய்த உதவி எத்தனை நாட்டு மக்களுக்குப் பயன்பட்டது!

அச்சமும் காவலும்

“நம்மை எலியாக்கிப் பார்க்கிறார்களோ?” என்னும் அச்சத்தையும் நாம் எள்ளி ஒதுக்குவதற்கில்லை. நாஸி ஜெர்மனியின் சிறைமுகாம்களில் வைத்தியர்கள் இழைத்த கொடுமைகளின் பின்னரே, ஒருவர் தாமாக முன்வந்து அளிக்கும் சம்மதமின்றி அவரிடம் எச்சோதனையும் செய்யலாகாது என்ற விதி 1947இல் நியூரெம்பர்க்கில் எழுந்தது. உலக வைத்திய சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் வெளிவந்து, பலமுறை திருத்தம் பெற்று, 2024இலும் திருத்தப்பட்டுள்ளது. இலங்கை வைத்திய சங்கம் 2006இல் சிகிச்சைச் சோதனைகளுக்கென ஒரு பதிவேட்டை நிறுவியது. இன்ன சோதனை, இன்ன நோக்கம் என்று அதிற் பதிவு செய்வதால், வேண்டாத முடிவை மறைப்பது அரிதாகின்றது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் மருந்துச் சோதனைகளைத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கண்காணிப்பிற் கொண்டுவந்தது. ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவொன்றின் அனுமதியும் வேண்டும்.

எனினும் சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது. அதைக் கேட்டுப் பெறுவாரும் வேண்டும். காட்டிய இடத்திற் கைநாட்டு வைப்பதே வழக்கமென்று பல தலைமுறைகளாகப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள் நம் தோட்ட மக்கள். அப்பழக்கம் வைத்தியசாலையில் ஆகாது. கையொப்பமிடுமுன் கேட்கவேண்டியவை இவை: இச்சோதனை எதை அறிவதற்கு? இதிற் சேராவிட்டால் எனக்குக் கிடைக்கும் சிகிச்சை யாது? சேர்ந்தால் நேரக்கூடிய தீங்கு யாது? தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? இடையில் விலக எனக்கு உரிமை உண்டா? பதிவேட்டில் இதன் இலக்கம் என்ன? இவற்றுக்குரிய விடை தமிழில், எழுத்திலும் வாய்மொழியிலும், விளங்கும்படி கிடைத்தல் வேண்டும். விளங்காத மொழியிலுள்ள தாளில் இட்ட ஒப்பம் சம்மதமாகாது. வீட்டாரோடு கலந்து முடிவு செய்ய அவகாசம் கேட்பதும் குற்றமன்று. மறுத்தவருக்கும் உரிய சிகிச்சை குறைவின்றிக் கிடைத்தே ஆகவேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காது சொல்லவேண்டும். சோதனையிற் சேருபவருக்கே நன்மை கிட்டும் என்னும் உறுதி எவராலும் தர இயலாது. அப்படித் தெரிந்திருப்பின் சோதனையே வேண்டியதில்லை. பயன் பெரும்பாலும் பின்னால் வரும் நோயாளருக்கே. அதனாலேயே அச்சம்மதம் ஒரு கொடையாகின்றது. அறிந்து கொடுத்தால் மட்டுமே அது கொடை. அறியாமற் கொடுத்தது பறிகொடுத்ததேயாகும்.

மருந்தைப் பற்றி அதிகாரம் வகுத்த வள்ளுவர், நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளியையே முதலில் வைத்தார். பேணுவோராகச் செல்லும் பொறுப்பு இன்று நம் தோட்டங்களிற் படித்த பிள்ளைகளுடையது. மாணவர்களே, உங்கள் தாய் தந்தையரோடு வைத்தியசாலைக்குச் செல்லும்போது தாளை வாங்கி ஒவ்வொரு வரியாக அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். விளங்காததைப் பணிவோடு, ஆனால் தயங்காது, கேளுங்கள். அதன் பின்னர் அவர்கள் ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும், அது அவர்களுடைய சொந்த வாக்காக இருக்கும்.