பாக்கு மட்டும்தானே என்று இருந்துவிடாதீர்கள்

வீட்டுக்கு வந்தவருக்கு வெற்றிலைத் தட்டத்தை நீட்டுவது நம் வழக்கம். வயல் வேலையின் களைப்புக்கும் இரவுக் காவலின் நித்திரைக்கும் அதுவே மருந்து. இடம்பெயர்ந்து, வேலையும் நேரத்துக்குச் சாப்பாடும் இல்லாத நாட்களில், பசியை மறக்க இன்னும் இரண்டு வாய் கூடப் போடுவோரும் உண்டு.

"நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று பலர் ஆறுதல் அடைகின்றனர். இது தவறான ஆறுதல். பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயே.

வாய்க்குள் நடப்பது என்ன?

மண்வெட்டியை மழையில் விட்டால் துருப்பிடிக்கும். ஒட்சிசன் இரும்பை அரிப்பதன் விளைவு அது. பாக்கைச் சுண்ணாம்புடன் மெல்லும்போதும் கேடு செய்யும் ஒட்சிசன் வகைகள் வாயில் உண்டாகி, கன்னத்தின் உட்புறக் கலங்களைத் தாக்குகின்றன. உடல் ஓரளவு சமாளிக்கும். நாள் முழுவதும் கொடுப்புக்குள் அடக்கி வைத்திருந்தால், ஒரு காயம் ஆறுமுன் அடுத்தது வந்துவிடும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

• சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலம்
• சிவப்புப் படலம் (இது கூடுதல் ஆபத்தானது)
• உறைப்புக் கறி பட்டதும் வாய் எரிதல்
• கன்னம் இறுகி, வாய் முன்போல் திறக்காமை
• இரண்டு வாரமாகியும் ஆறாத புண்

இவை எல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் கவனியாது விட்டால் சில புற்றுநோயாக மாறலாம். தொடக்கத்தில் பெரும்பாலும் நோவு இராது. அதனாலேயே பலர் பிந்தி வருகின்றனர்.

செய்யக்கூடியவை

முதலில் பாக்கை நிறுத்துங்கள். பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். முருங்கையிலை, பப்பாசிப்பழம் போன்றவை உடலின் எதிர்ப்புச் சக்திக்கு உதவும். ஆனால் பாக்கை விடாமல் கீரையை மட்டும் நம்பிப் பயனில்லை. இறுகிய வாய் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். ஆகவே இறுகுமுன் விடுவதே புத்தி.

மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில், கண்ணாடியைப் பிடித்து, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் கீழும் பாருங்கள். பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்களே இந்நிலைகளைக் கண்டுபிடிக்கலாம் என்று 1980களில் இலங்கைக் கிராமங்களில் நடந்த ஆய்வு காட்டியது. சந்தேகம் இருந்தால், எங்கு தங்கியிருந்தாலும், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பணம் தேவையில்லை, பிந்தாமல் போவதே முக்கியம்.