ஊர்ப் பெயர் ஒலித்த நேரம்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வந்தால் செங்கலடிச் சந்தி. அங்கிருந்து மேற்கே பிரியும் பதுளை வீதி கறுத்தப்பாலத்தைக் கடந்து, கரடியனாறு, மகாஓயா என்று மலைநாடு நோக்கிச் செல்கிறது. கடற்பக்கத்து எழுவான்கரையும் வயற்பக்கத்துப் படுவான்கரையும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த சந்தி இது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் இச்சந்தியிலிருந்த ஒரு தேநீர்க்கடையில் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. கடைக்காரர் தபாற்கந்தோரில் பணம் கட்டிப் பெற்ற அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சாமி படங்களுக்கு அருகில் மாட்டியிருந்தார். வீட்டில் மணிக்கூடு இல்லாதவர்களுக்கு அந்தப் பெட்டியே மணிக்கூடு.

1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் இலங்கை வானொலி என்ற பெயரைப் பெற்றது. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1967 ஜனவரி 5ஆந் திகதி அது கூட்டுத்தாபனமாக மாறியது. இவை வரலாற்று நூல்களில் கிடைக்கும் செய்திகள். ஆனால் தொலைவிலுள்ள ஓர் ஊரில் அந்த ஒலி ஒரு நாளை எவ்வாறு பகுத்துக் கொடுத்தது என்பதைக் கேட்டவர்களே சொல்ல வேண்டும். 1960களிலும் 1970களிலும் கேட்டவற்றை ஒரு நாளாகத் தொகுத்து இங்கே சொல்கிறேன்.

விடியற்காலையில் மங்கல இசையும் பக்திப் பாடல்களும். அந்நேரத்தில் வட்டைக்குப் புறப்படும் கமக்காரர்கள் வெறுந்தேநீரோடு நிற்பார்கள். பின்னர் செய்தி. அதன் பின் ‘பொங்கும் பூம்புனல்’ என்று திரையிசை பெருகும். பள்ளிக்கூடம் போகும் நாங்கள் எந்தப் பாட்டோடு சந்தியைக் கடக்கிறோம் என்பதைக் கொண்டே நேரம் பிந்திவிட்டதா என்று அறிவோம். பள்ளி நேரத்தில் கல்விச் சேவை. நண்பகலில் நேயர் விருப்பம். மாலையில் சிறுவர் நிகழ்ச்சி, விவசாயிகளுக்கான உரை, முஸ்லிம் நிகழ்ச்சி. ஏறாவூர் அன்பர்கள் சந்தைக் கணக்கை முடித்துக்கொண்டு அதே கடையிலிருந்து அதே பெட்டியில் கேட்பார்கள். இரவில் கச்சேரி அல்லது நாடகம், மறுபடியும் செய்தி.

எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைக் கேட்டுத் தாமும் அறிவிப்பாளராக வேண்டுமென்று ஆசைப்பட்ட இளைஞர் எத்தனையோ பேர். ‘சானா’ என்னும் சண்முகநாதனின் பெயரோடு இணைந்த ‘லண்டன் கந்தையா’ நாடகத்தைப் பற்றி எங்கள் மூத்தோர் பேசி ஓய்ந்ததில்லை. ஒலிபரப்பை ஒரு கலையாகக் கருதி ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலை எழுதிய சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியில் பணிபுரிந்தவரே. லண்டன் பி.பி.சி.யின் தமிழ் நிகழ்ச்சிக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவரும் அவர்தாம். தமிழைப் பிழையறப் பேசுவது ஓர் அறம் என்ற எண்ணத்தை எங்களுக்கு ஊட்டியவர்கள் இவர்கள்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். நாடகங்களில் நாங்கள் கேட்டது பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பேச்சு. பாடல்களில் கேட்டது தமிழகத்துத் திரைத்தமிழ். எங்கள் கூத்துப்பாட்டும் எங்கள் ‘மனே’ என்ற விளியும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து அருமையாகவே வந்தன. 1960களில், புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைத் துறவியார் லாங் அடிகளாரின் துணையோடு, மட்டக்களப்பு வாவியின் பாடுமீன் ஓசை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. “மீனுக்குக் கிடைத்த இடம் நமக்குக் கிடைக்கவில்லையே” என்று கடையில் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

அப்படியிருந்தும், நாள்தோறும் சில நிமிடங்கள் அந்தப் பெட்டி முற்றிலும் எங்களுடையதாயிற்று. அதுவே மரண அறிவித்தல் நேரம்.

இந்நிமிடங்களை எந்தத் திறனாய்வாளரும் நிகழ்ச்சி என்று கணக்கிடுவதில்லை. கட்டணம் செலுத்தி எவரும் கொடுக்கக்கூடிய அறிவித்தல். எழுதுவதற்கும் ஒரே வாய்பாடு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர். இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் சகோதரர். கிரியைகள் நடைபெறும் இடமும் நேரமும். அவ்வளவுதான். ஆனால் அந்நேரம் வந்தால் கடையில் கரண்டிச் சத்தங்கூட அடங்கிவிடும். வீட்டில் எங்கள் பெத்தா, “சத்தம் போடாத மனே, ஆரோ மோசம் போயிட்டாங்க” என்று கையமர்த்துவார். இறந்தவர் பருத்தித்துறைக்காரராக இருக்கலாம். பதுளைத் தோட்டமொன்றில் வாழ்ந்தவராகவும் இருக்கலாம். பெத்தா அவர்களை அறியார். என்றாலும் பெயர் வாசித்து முடியும்வரை எழுந்து நடக்கமாட்டார்.

இவ்வழக்கத்தின் முழுப் பொருள் எனக்கு விளங்கியது 1993ஆம் ஆண்டில்.

அது போர்க்காலம். கறுத்தப்பாலம் ஓர் எல்லையாகிவிட்டிருந்தது. பாலத்தடியில் சோதனைச்சாவடி; பொழுது சாய்ந்தால் போக்குவரத்து இல்லை. கொழும்பு வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுவந்த என் மாமா ஒருநாள் அதிகாலையில் காலமானார். சந்தியிலிருந்த தொலைபேசிக்கு யாரோ சொல்ல, செய்தி எங்களை எட்டியது. உடலை இரவோடிரவாகக் கொண்டுவந்து மறுநாள் பிற்பகலில் அடக்கம் செய்வதென்று முடிவாயிற்று. ஆனால் மாமாவின் தமக்கை, என் பெரியம்மா, கரடியனாற்றுக்கு அப்பால் வயல்வாடியில் இருந்தார். அவருக்கு எப்படிச் சொல்வது? ஆளனுப்ப முயன்றோம், முடியவில்லை. அம்மா அன்றிரவு முழுவதும் அழுதது தம்பியின் சாவுக்காகவா, அக்காவுக்குச் சொல்ல முடியாததற்காகவா என்று எனக்குத் தெரியாது.

மறுநாட்காலை ஒன்பது மணியளவில், வெள்ளைச் சேலை உடுத்து, இரண்டு பேரர்களோடு பெரியம்மா எங்கள் ஒழுங்கைக்குள் வந்தார். நாங்கள் திகைத்துப்போனோம்.

“உங்களுக்கு ஆரு பெரியம்மா சொன்ன?” என்றேன்.

“ஆரும் சொல்லல்ல மனே. றேடியோதான் சொன்னிச்சி. என்ட பேரையும் சொன்னிச்சி.”

கொழும்பிலிருந்த மைத்துனர் ஒருவர் அறிவித்தல் கொடுத்திருந்தார். சகோதரர் வரிசையில் பெரியம்மாவின் பெயரையும் மறவாது எழுதியிருந்தார். அதை வாசித்த அறிவிப்பாளர் செங்கலடியைக் கண்டவரோ அறியேன். ஆனால் ஊர்ப் பெயரையும் ஆட்பெயரையும் ஓரெழுத்துப் பிசகாமல் உச்சரித்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத, எழுபது வயதுவரை கடிதம் ஒன்றுகூடப் பெற்றிராத ஒரு பெண்ணின் பெயரை நாடு முழுவதும் கேட்டது. சோதனைச்சாவடிகள் மறிக்க முடியாத வழியாக அந்தச் சொல் பாலத்தைக் கடந்து சென்று, அவரைக் கைபிடித்து அழைத்து வந்தது.

பொது ஒலிபரப்பு என்பதற்கு எத்தனையோ வரைவிலக்கணங்கள் கூறுகின்றனர். எனக்கு அந்தக் காலைப்பொழுதே வரைவிலக்கணம். சிறந்த நாடகமும் இசையும் தருவது அதன் புகழ். ஆனால் எவருடைய பெயரும் ஒருநாள் அங்கே மரியாதையோடு உச்சரிக்கப்படும் என்ற உறுதியே அதன் உயிர்.

1982 பெப்ரவரி 15இல் ரூபவாகினி வந்தது, கேட்டவர்கள் பார்ப்பவர்களானார்கள். 1990களில் தனியார் பண்பலை வானொலிகள் வந்தன. பாட்டுக்கு எக்காலமும் பஞ்சமில்லை என்றாயிற்று. இன்று மரணச் செய்தி கைப்பேசியில், படத்தோடு, சில விநாடிகளில் வந்து சேர்கிறது. அதை நான் குறை கூறேன். 1993இல் அவ்வசதி இருந்திருந்தால் அம்மா அவ்விரவை அப்படிக் கழித்திருக்கமாட்டார். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கைப்பேசிச் செய்தி அறிந்தவரை மட்டுமே தேடிச் செல்கிறது. வானொலி அறிவித்தல் அறியாதவரையும் சிறிது நேரம் அமைதியாக இருக்கச் செய்தது. தமக்கு உறவல்லாத பருத்தித்துறைக்காரருக்காகப் பெத்தா கையமர்த்தியிருந்த அந்த நிமிடத்துக்கு ஈடாக நம்மிடம் இன்று என்ன இருக்கிறது?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நாடகங்களில் சில நூலாக வந்தன; பாடல்கள் இசைத்தட்டில் நின்றன. ஊரும் பேருமாக ஒலித்த அந்த நிமிடங்களோ காற்றோடு போயின. பெரியம்மாவின் பேரன் அண்மையில் என்னிடம், அந்த அறிவித்தலை எங்காவது கேட்க முடியுமா என்று வினவினான். இல்லை என்று சொல்ல நேர்ந்தது. ஆனால் அக்காலத்தில் வானொலியை ஒலிநாடாவில் பதிந்துவைத்த வீடுகள் பல உண்டு. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்தைப் போன்ற அமைப்புகளும் உண்டு. ஆசிரியர்கள் தம் மாணவரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். அலுமாரிகளின் அடித்தட்டிலிருந்து எத்தனையோ ஒலிநாடாக்கள் வெளிவரும்.

பாட்டைப் பதியும்போது தவறுதலாக அதன் இறுதியில் ஒட்டிக்கொண்ட ஓர் அறிவித்தல் அவற்றுள் இருக்கக்கூடும். அதை அழித்துவிடாதீர்கள். அதில் யாரோ ஒருவரின் பெரியம்மா பெயர் இருக்கும்.